பச்சை டிக்

அண்ணன் ஐந்தாவது முறையாக அதே விஷயத்துக்குக் கூப்பிட்டபோது அவள் எரிந்து விழுந்தாள்.

"பச்சை டிக் வந்துச்சா இல்லையாண்ணா? அதை மட்டும் சொல்லு."

"வந்துச்சு பாப்பா."

"வந்துச்சுன்னா போய்ச் சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். சந்தேகமா இருந்தா இன்னொரு தடவை போடுன்னேன், அதுவும் போட்ட. இன்னும் என்ன?"

"இல்ல, நேத்து நேராவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். நர்ஸம்மா கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்துட்டு, என் பேரே இல்லைங்கிறாங்க..." மீதியை இருமல் தின்றுவிட்டது.

அவள் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரியான இருமல். கடைசி வருஷம் அப்பாவிடமும் இதே சத்தம்தான் இருந்தது. இருமல் ஓய்ந்ததும், "நீ எதையாவது தப்பா அமுக்கியிருப்ப," என்றாள்.

"இருக்கும் பாப்பா. எனக்கு எங்க அதெல்லாம் தெரியுது," என்று அவன் உடனே ஒப்புக்கொண்டான்.

அப்படி ஒப்புக்கொண்டதுதான் அவளைக் குத்தியது. இருபத்திரண்டு வருஷம் கல் அறுக்கும் பட்டறையில் நின்றவன். பலகைக்கல் மில்லிமீட்டர் பிசகினால் ஒத்துக்கொள்ளமாட்டான். மேஸ்திரி சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறான். தங்கச்சி செய்த படிவத்தின் முன்னால் மட்டும் தப்பு எப்போதும் அவன் பக்கம்தான்.

பட்டறைத் தூசி நுரையீரலுக்குள் போய்க் கல்லாகவே உட்கார்ந்துவிடுகிற நோய். அறுப்பவர்களில் நாற்பது வயது தாண்டியவர்கள் யாரும் தப்பியதில்லை. ஆஸ்பத்திரியின் நெஞ்சு வார்டு, மூச்சுக்கு உதவுகிற மெஷினை வீட்டுக்கே இரவலாகக் கொடுக்கிறது. அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குள் விடும் பெட்டி. பட்டறை லைன் வீடுகளில் அதற்குக் காத்துப்பெட்டி என்று பெயர். முன்பெல்லாம் அதற்காக விடியலிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். நடக்க முடியாதவன்தான் கேட்கிறான், அவனையே நிற்க வைப்பது என்ன நியாயம் என்று யாருக்கோ தோன்றி, ஃபோனிலேயே விண்ணப்பிக்க ஒரு படிவம் வேண்டும் என்று ஆஸ்பத்திரி கேட்டது. வேலை அவளுடைய கம்பெனிக்கு வந்தது. மேனேஜர் அதை அவள் தலையில் கட்டினார். அவளாகக் கேட்டிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள்.

கம்பெனி என்றால் மூன்றாவது மாடியில் ஒரே ஹால். ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்குக் கீழே ஒரு பெயின்ட் வாளி. அவளுடைய நாற்காலிக்கு ஒரு பக்கம் கை கிடையாது. அன்று காலை அவள் பையைக்கூடக் கழற்றாமல் அதில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள்.

பெயர், வயது, எத்தனை வருஷம் தூசியில் வேலை, வீடு, ஃபோன் நம்பர். தன் நம்பரைப் போட்டு அனுப்பினாள். பச்சை டிக். சர்வரில் பார்த்தால் வரிசையில் பெயர் ஏறியிருந்தது. வயதில் எழுத்தைப் போட்டாள்; கட்டம் சிவந்து, "எண்ணில் எழுதவும்" என்றது. நம்பரில் ஒரு இலக்கம் குறைத்தாள், சிவந்தது. எல்லாம் சொன்னபடி கேட்டது. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். முன்தலையில் நாலு முடிதான் மிச்சம் என்பதால் ஆபீஸில் அவனுக்குச் சீப்பு என்று பெயர்.

"என்ன, காலங்காத்தால ஃபார்மோட மல்லுக்கட்டு?"

"ஒருத்தருக்குப் போகலையாம். எனக்குப் போகுது."

"நமக்கு எல்லாமே போகும். அந்த ஆளோட விவரத்தை அப்படியே போட்டுப் பார்த்தியா?"

போட்டுப் பார்த்தாள், சோதனைக்கென்று வைத்திருக்கும் சர்வரில். அண்ணன் பெயர், அண்ணன் வயது, அண்ணன் நம்பர். பச்சை. பெயரும் ஏறியது.

"பாரு, நல்லாத்தான் இருக்கு."

"சோதனை சர்வர் காலி வீடு. யார் வந்தாலும் உள்ள விடும்," என்றான் சீப்பு. "நெஜ சர்வர்ல போடு. போடறப்போ பச்சையைப் பார்க்காத. பின்னாடி என்ன பதில் வருதுன்னு பாரு."

படிவத்துக்கு வாசல் இரண்டு. ஒன்று ஆளின் ஃபோனிலேயே இருக்கிறது. கட்டங்கள் சரியாக நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டும் அது பார்க்கும். இன்னொன்று சர்வரில், வந்ததை ஏற்கனவே உள்ளவற்றோடு ஒப்பிட்டுச் சேர்ப்பதா, திருப்புவதா என்று முடிவு செய்வது அதுதான். இரண்டையும் கட்டியவள் அவள். பிரவுசரில் போகிற வருகிற செய்திகளைக் காட்டும் பலகையைத் திறந்துவைத்துக்கொண்டு, நிஜ சர்வருக்கு அண்ணன் விவரத்தை அனுப்பினாள்.

திரையில் பச்சை டிக் மலர்ந்தது. அரை நொடி கழித்து, கீழே பலகையில் சர்வரின் பதில் சிவப்பாக வந்து விழுந்தது. 422. ஏற்க முடியாது. காரணம்: இந்த ஃபோன் நம்பரில் ஏற்கனவே விண்ணப்பம் உள்ளது.

மேலே பச்சை. கீழே சிவப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே திரையில் இருந்தன.

பச்சை ஏன் முந்திக்கொண்டு வந்தது என்று தேட வேண்டியதே இல்லை. முதலில் அப்படி எழுதவில்லை. சர்வர் பதில் வந்த பிறகுதான் பச்சை காட்டும்படி வைத்திருந்தாள். வெளியே விடுவதற்கு முன்பு அண்ணனிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். பட்டறைப் பக்கம் சிக்னல் நொண்டும். "சுத்திக்கிட்டே இருக்கு பாப்பா. கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி இருக்கு, சத்தமே இல்ல. எங்க ஆளுங்க கடுப்பாகி மூடிட்டுப் போயிடுவாங்க," என்றான். அன்று சாயங்காலமே மாற்றினாள். கட்டங்கள் சரியாக இருந்தால் போதும், பட்டனை அமுக்கியதும் பச்சை. சர்வர் பதில் பின்னால் மெதுவாக வரட்டும். அந்தப் பதிலைப் படிக்கிற வேலையை அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டாள். அந்த அப்புறம் வரவேயில்லை. மாற்றியதைப் பார்த்த அண்ணன், "இப்பத்தான் அடிச்ச ஆணி இறங்கற மாதிரி இருக்கு," என்று சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு நம்பருக்கு ஒரு விண்ணப்பம் என்ற விதியும் அவள் எழுதியதுதான். ஒரே ஆள் பத்துத் தடவை போட்டு வரிசையில் இடம் பிடித்துவிடக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அப்போது அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. லைன் வீட்டில் பிறந்து, அந்தத் தகரக் கூரைக்குக் கீழே படித்தவள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தனின் நம்பர்தான் அங்கே லைன் முழுக்கவும் நம்பர் என்பது அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவள் கொடுத்ததே எதிர்வீட்டுக்காரர் நம்பர்தான். தெரிந்ததெல்லாம் விதி எழுதுகிறபோது எங்கே போய்த் தொலைந்தது?

சர்வரின் பதிவேட்டைத் திறந்து அண்ணன் நம்பரைத் தேடினாள். ஏற்றது ஒன்று. சற்று முன் அவள் அனுப்பியதைக் கழித்துவிட்டால் திருப்பியது முப்பத்தொன்று. முதல் இருபத்தேழும் மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரே ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு இருபத்திரண்டிலிருந்து பிற்பகல் ஒன்றரை வரை. மீதி நான்கு, அவள் எரிச்சலோடு "இன்னொரு தடவை போடு" என்று சொன்ன நான்கு நாட்கள்.

ஏற்றது அண்ணன் பெயர் இல்லை. கடைசி வீட்டு ரேடியோ அக்கா. வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். அவளுக்குப் பத்தாம் நாளே காத்துப்பெட்டி வந்துவிட்டதாக அண்ணன் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

நெஞ்சு வார்டு நர்ஸைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், தன் தப்பு என்பதையும்.

"இங்க ஷெல்ஃப்ல பன்னெண்டு மெஷின் சும்மா கெடக்குதும்மா," என்றாள் நர்ஸ். "லிஸ்ட்ல ஆளே இல்ல, யாருக்கும் தேவையில்ல போலன்னு நெனச்சோம். நாளைக்கு வேற ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பறதா இருந்துச்சு."

"அனுப்பிடாதீங்க சிஸ்டர்."

"அப்போ நாலு மணிக்குள்ள பேர் வேணும். டைம் வரிசைப்படி. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அந்த லைன்ல எல்லார் எக்ஸ்ரேவும் கேம்ப்ல எடுத்தது இருக்கு. எதைப் பார்த்தாலும் ஒரே மாதிரி வெள்ளையாத்தான் இருக்கு. யாரைன்னு பொறுக்கறது? மொதல்ல கேட்டவங்களுக்கு மொதல்ல."

"அடுத்த மெஷின் எப்ப வரும்?"

"அது எங்களுக்கே தெரியாது."

பதிவேட்டில் நேரம் இருந்தது, நம்பர் இருந்தது, காரணம் இருந்தது. பெயர் இல்லை. திருப்பியவர்களின் விவரத்தை வைத்துக்கொள்ளாதே என்றுதான் சர்வருக்கு அவள் சொல்லியிருந்தாள். இருபத்தேழு நேரங்கள், எது யாருடையது என்பது உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு ஞாயித்துக்கிழமை யார் யாருக்கு ஃபார்ம் போட்ட?"

"ஏன், தப்பா?"

"இல்லண்ணா. தப்பு என்னோடது." ஒரே மூச்சில் சொன்னாள். "ஒரு நம்பருக்கு ஒருத்தரைத்தான் சேர்க்கும். ரேடியோ அக்காவைச் சேர்த்துச்சு. மத்த எல்லாரையும் திருப்பிடுச்சு."

"அப்போ சிவப்புல்ல காட்டணும்?"

"காட்டணும்."

"எங்களுக்குப் பச்சையா காட்டுச்சே."

காரணத்தை அண்ணனே தேடிப் பிடித்தான். "சுத்திக்கிட்டே இருக்குன்னு நான் சொன்னேனே, அதனாலயா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணா," என்று பொய் சொன்னாள்.

அவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே ஒரு சின்ன விசில்.

"நேர்ல போயிக் கேட்டுடலாம்னு நம்ம லைன் நெட்டையன் கிரேன் ரெண்டு தடவை கெளம்பினான்," என்றான். "நான்தான் நிறுத்தி வெச்சேன். என் தங்கச்சி செஞ்சதுடா, பச்சை வந்தா பெட்டி வந்த மாதிரின்னு சொன்னேன். ரேடியோக்கா வீட்டுப் பெட்டியைக் காட்டி எல்லாரையும் நம்ப வெச்சேன். மூணு வாரம் அத்தனை பேரையும் உக்கார வெச்சுட்டேன் பாப்பா."

"நீ இல்லண்ணா. நான்."

"யாரா இருந்தா என்ன, உக்காந்தது அவங்க." இருமினான். பிறகு, "எழுதிக்கோ," என்றான்.

கடைசி வீட்டிலிருந்து வரிசையாக வந்தான். அவன் பட்டப்பெயர் சொல்ல, அவள் நிஜப் பெயரைக் கேட்டு வாங்கி நேரத்துக்கு எதிரே தட்டினாள். ரேடியோ அக்காவுக்கு அடுத்து கிரேன். ஆள் உயரத்துக்கு அந்தப் பெயர். அடுத்து கிரேனோட மச்சான். "அடுத்து தூங்குமூஞ்சி. ஃபார்ம் போடறப்போ தூங்கிட்டான். வயசு கேக்கறதுக்கு எழுப்பினா, எழுந்து எனக்கு எத்தனை வயசுன்னு என்னையே கேக்கறான்." சிரிப்பும் இருமலும் கலந்து வந்தன. ஒன்பதாவதில் நின்றான்.

"ஒன்பதாவது சுத்தியல் மாமா. அவரை விட்டுடு."

"ஏன்?"

"போன வாரம் போயிட்டார்."

அவள் கை தட்டச்சுப் பலகை மேலேயே கிடந்தது. சுத்தியல் மாமா அவளுக்கு முதன்முதலாகப் பென்சில் சீவிக் கொடுத்தவர், உளியால்.

"எழுது பாப்பா, நாலு மணின்னியே," என்றான் அண்ணன்.

வரிசை நகர்ந்தது. இருபது, இருபத்தொன்று. அவர்கள் வீடு லைனில் நான்காவது. அது வரவேயில்லை. "நம்ம வீடு எப்போண்ணா?"

"நான் கடைசிதான். மத்தவங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எனக்கு எப்படி மொதல்ல போட்டுக்கறது? ஒன்றரைக்கு வந்து, சோத்துக்கு முன்னாடி போட்டேன். உங்க அண்ணி அதுக்கும் சத்தம் போட்டா."

சுத்தியல் மாமா போக இருபத்தாறு பேர். மெஷின் பன்னிரண்டு. அண்ணன் இருபத்தாறாவது.

அவள் திரையைப் பார்த்தாள். ஒரு பக்கம் நேரங்கள், எதிரே பெயர்கள். எந்த நேரத்துக்கு எந்தப் பெயர் என்று நர்ஸுக்குத் தெரியாது, மேனேஜருக்குத் தெரியாது, சர்வருக்கும் தெரியாது. எட்டு இருபத்திரண்டுக்கு எதிரே அண்ணன் பெயரைப் போட்டாள். கிரேனையும் மற்றவர்களையும் ஒரு கட்டம் கீழே தள்ளினாள். இரண்டு நொடி வேலை. பன்னிரண்டாவது இடத்தில் இருந்த ஒரு பெயர் பதின்மூன்றுக்கு இறங்கியது. அது யார் என்று அவள் பார்க்கவில்லை.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேண்ணா. அனுப்பிடறேன்."

"இரு இரு. வாசி பார்க்கலாம்."

"எதுக்கு? சரியாத்தான் இருக்கு."

"சரியா இருக்குன்னு பச்சையும்தான் சொல்லுச்சு. வாசி."

இரண்டாவது பெயரிலிருந்து ஆரம்பித்தாள். "கிரேன், கிரேனோட மச்சான், தூங்குமூஞ்சி..."

"கிரேனுக்கு என்ன டைம் போட்டிருக்க?"

"எட்டு இருபத்தொன்பது."

"அதுக்கு முன்னாடி?"

ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா, அதுக்கு முன்னாடி யாரு?"

"நீ."

விசில் மட்டும் கேட்டது. அவன் திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அழி," என்றான்.

"அண்ணா, யாருக்கும் தெரியாது."

"அழிச்சுட்டுச் சரியா எழுது."

"அப்பாவைப் பார்த்தேன்ல. நின்னுக்கிட்டே தூங்குனாரு. உன்னையும் அப்படிப் பார்க்கச் சொல்றியா? நான் செஞ்ச தப்புண்ணா, நானே சரி பண்றேன். ஒருத்தர் கொஞ்ச நாள் கழிச்சு வாங்கட்டும், அவ்வளவுதானே?"

"பன்னெண்டாவது யாருன்னு பாரு."

பார்த்தாள். பன்னிரண்டில் இருக்க வேண்டியவர் மெருகு போடுகிற பையனின் அப்பா; அந்தப் பையனுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை என்று போன மாதம் அண்ணிதான் சொல்லியிருந்தாள், தாத்தா பேரனைத் தூக்க முடியாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று.

"அந்தப் பெட்டியை மூக்குல மாட்டிக்கிட்டு இத்தனை வீட்டுக்கு நடுவுல நான் எப்படி மூச்சு விடுவேன் பாப்பா?" என்றான் அண்ணன். குரலில் கோபமே இல்லை. "உன்னைப் படிக்க வெச்சது நான்தான்னு லைன் பூரா சொல்லித் திரியறேன். அந்தப் பேச்சையாவது மிச்சம் வை."

அவள் அழித்தாள். எல்லோரையும் ஒரு கட்டம் மேலே ஏற்றினாள். அண்ணன் பெயரை ஒன்றரைக்கு எதிரே போட்டாள். முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். அவன் ஒவ்வொரு பெயருக்கும் "ம்" கொட்டினான். தன் பெயருக்கும் அதே "ம்"தான். மூன்றே முக்காலுக்கு லிஸ்ட் போனது.

மறுநாள் வண்டி போய்ப் பன்னிரண்டு பெட்டியை இறக்கியது. அண்ணன் வீடு வீடாகக் கூடவே நடந்து, குழாயை எப்படி மாட்டுவது என்று காட்டிக் கொடுத்தானாம். மூன்று வீட்டுக்கு ஒரு தடவை உட்கார்ந்தானாம்.

அவள் படிவத்தைத் திருத்தினாள். ஒரே நம்பரில் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம்; ஒரே ஆள் இரண்டு முறைதான் வர முடியாது. சர்வர் பதில் வந்த பிறகே பச்சை. திருப்பினால் சிவப்பு, ஏன் என்பதும் கீழேயே. அண்ணன் நம்பரை வைத்து முப்பது தடவை போட்டுப் பார்த்தாள். மேனேஜர் பார்த்துவிட்டு, "சூப்பர், பிரச்சினையை முடிச்சாச்சுன்னு குறிச்சுடு," என்றார். குறித்தாள்.

ஐந்து வாரம் கழித்து பத்துப் பெட்டி வந்தது. வரிசையில் மிச்சம் இருந்த பதினான்கு பேரில் முதல் பத்துப் பேருக்குப் போனது. அந்த வாரம் அண்ணனால் படுக்க முடியவில்லை. கதவோரத்தில் நாற்காலி போட்டு, தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்தே தூங்கினான். கிரேன் தன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனானாம். அண்ணன் அரைமணி நேரம் மாட்டியிருந்துவிட்டு, "போதும்டா, உன் மூஞ்சி நீலமாவுது," என்று திருப்பி அனுப்பிவிட்டானாம். அடுத்த புதன்கிழமை காலை, அந்த நாற்காலியிலேயே முடிந்துவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது யாரோ தலையணையை மட்டும் எடுத்து வெளியே வெயிலில் போட்டிருந்தார்கள்.

அண்ணன் ஃபோனை அண்ணி அணைக்கவில்லை. லைனில் மிச்சம் இருந்தவர்களுக்கான செய்தியெல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். சத்தம் கேட்டால் எடுத்துப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வருவாள்.

அடுத்த சுற்றில் நான்கு பெட்டி வருகிறது என்று ஆபீஸில் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அண்ணன் பெயர் வரிசையில் அப்படியே இருந்தது. நீக்கலாம் என்று திறந்தாள். நீக்குவதற்குக் காரணம் கேட்டது: இரண்டாம் முறை பதிந்தது, தவறான விவரம், விண்ணப்பதாரர் வேண்டாம் என்றார். அந்த மூன்றையும் எழுதியவள் அவள்தான். நான்காவதாக ஒன்று வேண்டியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. சுத்தியல் மாமா போனது தெரிந்தபோதுகூடத் தோன்றாமல் போயிற்று. மூடிவிட்டாள். நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று இரண்டு நாள் மூடிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்கு அண்ணன் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் அண்ணன் என்றே வந்தது. எடுக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

"பாப்பா," என்றாள் அண்ணி. "நாலு மெசேஜ் வந்துச்சு. மூணு வீட்டுக்குச் சொல்லிட்டேன். இன்னொன்னு அவர் பேருக்கு வந்திருக்கு. திங்கக்கிழமை பெட்டி வருதாம், வீட்ல இருக்கச் சொல்லுது."

"அண்ணி... நான் அழிச்சிருக்கணும். மன்னிச்சுடுங்க."

"அதுக்கில்ல. கீழ பச்சையா ஒன்னு இருக்கு. இது நெசப் பச்சைதானே?"

"நெசம்தான் அண்ணி."

"கடைசி ஆள் வரைக்கும் வந்துடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு," என்றாள் அண்ணி. "அதான் கேட்டேன்."